கைக்குக் காவல்

ஏழு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அக்கா கையை ஆட்டினால் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வாரம் ஒருநாள் குன்னத்திலிருந்து பஸ் ஏறி, பெரம்பலூரில் பேச்சுப் பயிற்சிக்கு அம்மா கூட்டிப் போவாள். சைகைக்கு இடம் கொடுத்தால் பிள்ளைக்கு வாய் திறக்காது என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்காவின் கைகள் குற்றவாளிகள், நான் போலீஸ். நான் குரல் கொடுத்ததும் அம்மா வந்து அந்தக் கைகளைப் பிடித்து அக்காவின் மடியிலேயே வைத்துவிட்டுப் போவாள். அடித்ததில்லை.

இரண்டு வருடத்தில் அக்கா சேர்த்த சொற்கள் மூன்று: அம்மா, அப்பா, தண்ணி. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதிக்கொண்டு வருவாள். ஒரு வரிக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியாது.

அந்த வருடம் வெங்காய அறுவடையில் எல்லோரும் வயலில் உட்கார்ந்து வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தோம். அம்மா குவியலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த அக்கா திடீரென்று "அம்மா" என்றாள்.

"கேட்டீங்களா, புள்ள தானா கூப்புடுது" என்று அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் பூரித்துப்போனாள். "இன்னொருவாட்டி சொல்லு சாமி."

அக்கா சொன்னாள். குரல் உடைந்தது. அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம். அக்கா அரிவாளைப் போட்டுவிட்டு உள்ளங்கையைக் குவித்து, படம் எடுப்பதுபோல் தூக்கி ஆட்டினாள்.

நான் கடமை தவறாதவள். "அம்மா, கையை ஆட்டுறா" என்றேன்.

அந்தக் கைகளைப் பிடிக்க அம்மா எழுந்து வந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், குவியலுக்குள்ளிருந்து நல்ல பாம்பு இறங்கிப் போனது.

அம்மா அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த முறை அவற்றை மடியில் வைக்கவில்லை. "இன்னொருவாட்டி காட்டு சாமி" என்றாள். அக்கா காட்ட, வெங்காய மண் ஒட்டிய கையைக் குவித்து அம்மாவும் அப்படியே செய்து பார்த்தாள்.

ஜூன் மாதம் அக்காவை அரியலூரில், சைகையிலேயே பாடம் நடத்தும் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் விடுமுறைக்கு வந்தவள், மழை எப்படி உண்டாகிறது என்று கைகளாலேயே சொல்லி, புத்தகத்தைப் பார்க்காமல் எழுதியும் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த நான் பழக்கதோஷத்தில், "அம்மா, கையை ஆட்டுறா" என்று கத்தினேன்.

"ஆட்டட்டும்டி. நீ போயி வெளையாடு" என்றாள் அம்மா.

வேலை போய்விட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து, கண்ணைத் துடைத்துவிட்டு, நிதானமாகக் கைகளால் ஏதோ சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கைகளை அதிகம் பார்த்தவள் நான்தான். காட்டிக்கொடுக்க மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.