கூட ஓட்டுறவன் மாட்டின டயர்

பைக் ரேஸ் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: தோற்றால் பழியைத் தூக்கி வண்டி மேல் போட்டுவிடலாம். அந்த வசதியைக் கெடுப்பதற்கென்றே ஒவ்வொரு டீமிலும் இன்னொருத்தனைச் சேர்த்து வைக்கிறார்கள். அவனுக்கும் அதே கம்பெனி வண்டி, அதே எஞ்சின், அதே மெக்கானிக். இருபத்திரண்டு பேர் ஓடுகிற ரேஸில் மற்ற இருபது பேர் என்னை முந்தினாலும் சாப்பாடு இறங்கும். அந்த ஒருத்தன் முந்தினால் இறங்காது.

ஆபீஸில் பக்கத்து ஸீட்காரருக்குப் பிரமோஷன் வந்த அன்று கை குலுக்கி, லட்டையும் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தவர்கள் யாராவது இருந்தால் இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கோஷ்டி.

நான் பாபநாசத்துக்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். கூட ஓட்டினவன் நிஜாம், கூத்தாநல்லூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. என் வயசுதான். எங்கள் இரண்டு பேரையும் வைத்து டீம் நடத்தியவர் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி முதலாளி. மனுஷனுக்கு ரேஸ் என்றால் பைத்தியம். தேங்காய் லாரியிலேயே வண்டிகளையும் ஏற்றி அனுப்புவார். டிராக்குக்குப் போய் இறக்கினால் சைலன்சர் வரைக்கும் நார் இருக்கும்.

முதல் நாளே சொல்லிவிட்டார்: இரண்டு வருஷம் சின்ன வண்டி, அதற்கு மேல் பெரிய வண்டி ரேஸுக்கு ஒருத்தனைத்தான் அனுப்ப முடியும். அன்றைக்குப் பிடித்த வியாதி எனக்கு. பெரிய வண்டி எனக்குக் கிடைக்க வேண்டும், நிஜாமுக்குக் கிடைக்கக் கூடாது. இந்த இரண்டில் எது முதல் ஆசை என்று கேட்டால் இன்று வரைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தீபாவளிச் சட்டை

முதல் ரேஸ் சென்னைப் பக்கத்து டிராக்கில். ஆளுக்கு ஒரே ஒரு ஜோடி புது டயர். சனிக்கிழமை பிராக்டிஸ், ஞாயிற்றுக்கிழமை ரேஸ். நிஜாம் சனிக்கிழமையே புதுசை மாட்டி ஓட்டித் தேய்த்துக்கொண்டு வந்தான். வசதியான வீட்டுப் பிள்ளை, அருமை தெரியாதவன் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். நான் பழசிலேயே பிராக்டிஸை ஒப்பேற்றிவிட்டு, புதுசைத் தீபாவளிச் சட்டை மாதிரி பிளாஸ்டிக் கவரோடு பொத்தி வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குத்தான் மாட்டினேன்.

மூன்றாவது வளைவு வரைக்கும் நிஜாமுக்கு இரண்டு வண்டி முன்னால் இருந்தேன். அவன் எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்று திரும்பிப் பார்த்தேன் பாருங்கள், அங்கேயே டயர் வழுக்கி ஜல்லியில் போய் உட்கார்ந்தேன். புது டயர் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். கொஞ்சம் ஓடித் தேய்ந்த பிறகுதான் ரோட்டைப் பிடிக்கும். இது எனக்குத் தெரியாதா? டயர் மாற்றிக்கொண்டு போகிற ஒவ்வொரு கஸ்டமரிடமும் "ரெண்டு நாள் பார்த்து மெதுவா போங்க சார்" என்று சொல்லி அனுப்புகிறவனே நான்தான். அவன் தேய்த்தானே என்பதற்காகவே நான் தேய்க்கவில்லை.

நிஜாம் ஆறாவதாக வந்தான். எங்கள் மெக்கானிக் செல்வம் அண்ணன் வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். புது டயரில் முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முடி கூட விழல தம்பி. இப்படியே கொண்டு போயி பீரோவுல வெச்சுக்க."

வயலில் விழுந்த கோடு

நம்ம பக்கத்தில் ரேஸ் டிராக் ஏது? தாளடி அறுப்பு முடிந்து எங்கள் வயல் காய்ந்து கிடந்தது. நாலு மூலைக்கு நாலு பழைய டயரைப் போட்டு, இரண்டு பழைய வண்டிகளில் ஒருத்தரையொருத்தர் முந்திப் பழகினோம்.

முந்துவதில் எங்கள் இரண்டு பேருக்கும் வேற வேற வழி. நான் முன்னால் போகிறவன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு போய், வளைவில் இருந்து வெளியே வரும்போது வேகம் எடுத்து, நேர் ரோட்டில் தாண்டுவேன். படித்தவன் செய்கிற வேலை. நிஜாம் அப்படி இல்லை. எல்லாரும் பிரேக் பிடித்த பிறகுதான் அவன் பிடிப்பான்; அந்த இடைவெளியில் வளைவின் உள்பக்கமாகப் புகுந்து போய்விடுவான். சந்தை நாளில் மினி பஸ் நுழைகிற மாதிரி ரவுடித்தனம் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்குப் பத்து தடவை முயற்சி பண்ணி எட்டு தடவை புகுந்துவிட்டான். நான் மூன்று தடவை. அதில் ஒரு தடவை அவனுக்குக் கண்ணில் தூசி.

வரப்பு உடைந்ததா என்று பார்க்க அப்பா வந்தார். வரப்பைப் பார்த்தவர் அப்படியே வயலுக்குள் இறங்கி டயர் தடத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார். நிஜாம் ஓட்டின அத்தனை சுற்றும் ஒரே கோட்டில் விழுந்திருந்தது. வெட்டின இளநீரில் முதலாவதை அவனிடம் நீட்டிவிட்டு, பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:

"அந்தத் தம்பி ஓட்டினது டிராக்டர் உழுத மாதிரி சீரா இருக்குடா. உன்னோடது எலி ஓடின மாதிரி இருக்கு."

பதினாலு செகண்ட்

கோயம்புத்தூர் ரேஸில் நிஜாம் ஒரே வளைவில் இரண்டு பேரை முந்தினதைச் செல்வம் அண்ணன் போனில் எடுத்திருந்தார். பதினாலு செகண்ட் வீடியோ. பிரேக் சத்தம் கேட்டுப் பார்க்கணும் அண்ணே என்று ஒரு பொய்யைச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முழங்கை எங்கே, முட்டி எங்கே, எந்த இடத்தில் பிரேக்கை விடுகிறான். கடைசியில் பிடிபட்டது: முந்துகிற ஆளை அவன் பார்க்கவே இல்லை. வளைவு முடிகிற இடத்தைத்தான் பார்க்கிறான். நானோ முந்தும்போது அடுத்தவன் மூஞ்சியைத்தான் பார்ப்பேன். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற மூஞ்சி சுருங்குகிறதா என்று பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். எதிரில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவள், ஒரு கட்டுப் பேப்பர் முடிந்ததும் தலையைத் தூக்கினாள்:

"நம்ம கல்யாண வீடியோவைக்கூட நீங்க இத்தனை தடவை பார்த்ததில்லைங்க. அந்த ஆளு மேல உங்களுக்குக் கோவமா, ஆசையா?"

முதலாளியின் சரக்கு

பார்த்துப் படித்ததை யாரிடம் காட்டுவது? இரண்டாவது வருஷம், நடு ரேஸில், நிஜாமிடமே காட்டினேன். அவன் ஐந்தாவது, நான் ஆறாவது. வளைவு வந்தது. அவன் பிரேக் பிடித்தான், நான் பிடிக்கவில்லை. உள்பக்கம் புகுந்தேன். வீடியோவில் இருந்த மாதிரியே எல்லாம் நடந்தது, என் முன் டயரைத் தவிர. அதில் உயிரே இல்லை.

நிஜாம் எப்போதும் முதல் ஐந்து சுற்று பால் கேன் கட்டின வண்டி மாதிரி பதவிசாக ஓட்டுவான். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் டயரைக் கடைசிச் சுற்றுகளுக்காக மிச்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முதுகைப் பார்த்த எரிச்சலில் நான் என் டயரை முதல் நாலு சுற்றிலேயே தீர்த்துவிட்டிருந்தேன். என் வண்டி சறுக்கி அவன் வண்டியில் மோத, இரண்டு பேரும் மண்ணில் உருண்டோம். எங்கள் தொழிலில் யாரை இடித்தாலும் மன்னிப்பு உண்டு, கூட ஓட்டுகிறவனை இடித்தால் கிடையாது. நிஜாம் எழுந்து ஓடி வந்து, அடி பட்டதா மாப்ள என்று கேட்டான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிக் கேட்டானே என்று அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி அன்றைக்கு வந்திருந்தார். ஷெட்டுக்குள் வந்து இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டு தேங்காயை மோத விட்டா எது உடையுதுன்னு ஊர்க்காரன் வேடிக்கை பார்ப்பான் தம்பி. எது உடைஞ்சாலும் அது என் சரக்கு."

மழை டயர்

அந்த வருஷத்துக் கடைசி ரேஸ். புள்ளியில் நாங்கள் இரண்டு பேரும் கிட்டத்தட்ட சமம். இன்றைக்கு உங்கள் இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறீர்களோ அவருக்குத்தான் பெரிய வண்டி என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை.

ரேஸுக்கு முக்கால் மணி இருக்கும்போது தூறி நின்றது. டிராக்கில் அங்கங்கே ஈரம். மழை டயர் என்று ஒன்று இருக்கிறது. ரொம்ப மெத்தென்ற ரப்பர். ஈரத்தில் பிடிக்கும், காய்ந்த ரோட்டில் சூடேறிக் கரைந்துவிடும். சாதா டயர் அதற்கு நேர் எதிர். எதை மாட்டுவது? காற்றைப் பார்த்தேன், வெயில் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தேன். ரோட்டில் நெல் காயப்போட்டே வளர்ந்தவனுக்கு ஈரம் எப்போது காயும் என்று தெரியாதா? மூன்றே சுற்றில் காய்ந்துவிடும். சாதா டயர்தான். சந்தேகமே இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் புத்தி நிற்கவில்லை. என் மழை டயர்களை ஷெட் வாசலில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைத்து, "மழை டயர்தான் அண்ணே" என்று செல்வம் அண்ணனிடம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த நிஜாம் எட்டிப் பார்த்தான். ஐந்தாவது நிமிஷம் அவன் வண்டியில் மழை டயர் ஏறிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டான்!

குதித்திருக்க வேண்டும் நான். ஆனால் அண்ணாந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். இவ்வளவு தைரியமாக மாட்டுகிறானே, ஏன்? இரண்டு வருஷத்தில் டயர் விஷயத்தில் ஒரு தடவைகூட ஏமாறாத பயல். எனக்குத் தெரியாத எதையோ வானத்தில் பார்த்துவிட்டானா? மறுபடி மழை வந்து, அவன் பாட்டுக்குப் போய், பெரிய வண்டியும் போய்விட்டால்? பத்து நிமிஷம்தான் இருந்தது. மழை டயரையே மாட்டுங்க என்றேன். செல்வம் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மாட்டினார்.

மூன்றாவது சுற்றில் டிராக் காய்ந்தது. நான் சொன்ன மூன்றாவது சுற்று! சாதா டயர் போட்ட இருபது பேரும் வரிசையாக எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசி இரண்டு இடத்தில் நாங்கள் இரண்டு பேர். டயர் வெல்லப் பாகு மாதிரி இழுத்தது. அந்த டயரை வைத்துக்கொண்டு அந்த இருபத்தோராவது இடத்துக்காக நாங்கள் அடித்துக்கொண்ட மாதிரி என் ஆயுசில் நான் ஓட்டினதில்லை. கடைசி வளைவில் உள்பக்கம் கொஞ்சம் இடம் தெரிந்தது. நிஜாமின் மூஞ்சியைப் பார்க்கவில்லை நான். வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தேன், புகுந்தேன். இருபத்திரண்டு பேரில் இருபத்தோராவதாக வந்துவிட்டு ஒரு கையை மேலே தூக்கிக் காட்டினவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஷெட்டுக்கு வந்ததும் நிஜாம் வேர்த்து விறுவிறுத்துக் கேட்டான், நீ வெளியில் வைத்த டயரைப் பார்த்துத்தான் நான் மாட்டினேன், நீ எதைப் பார்த்து மாட்டினாய் என்று. தண்ணி பாட்டிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவன் அந்தப் பக்கம் போன பிறகு செல்வம் அண்ணன் சொன்னார்:

"ஏமாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா அவனை மட்டும்தான தம்பி ஏமாத்தணும்?"

பெரிய வண்டி

முதலாளி வாக்குத் தவறவில்லை. பெரிய வண்டி எனக்குத்தான் வந்தது. நிஜாம் ரேஸை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். போகும்போது தன் கையுறையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. என் அளவுக்குச் சரியாகத்தான் இருந்தது.

பெரிய வண்டியில் முதல் ரேஸ். மேகம் மூடியிருந்தது, தூறல் வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. எந்த டயர் தம்பி என்று கேட்டார் செல்வம் அண்ணன். கழுத்து தானாக நிஜாம் வண்டி நிற்கிற வலது பக்கம் திரும்பியது. அங்கே தண்ணிக் கேனும் ஒரு காலி நாற்காலியும் இருந்தன. அப்போதுதான் உறைத்தது: இரண்டு வருஷத்தில் நானாக ஒரு டயரைக்கூடத் தேர்ந்தெடுத்ததில்லை. அவன் மாட்டினதை மாட்டியிருக்கிறேன், இல்லையென்றால் அவன் மாட்டினான் என்பதற்காகவே மாட்டாமல் இருந்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு நிஜாமுக்குப் போன் போட்டேன். கடையில் இருந்தான். பின்னால் அவன் மகள் பாடிக்கொண்டிருந்தாள். மேகம் எந்தப் பக்கம், காற்று எப்படி, தரை எவ்வளவு சூடு, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"சொல்ல மாட்டேன் மாப்ள. நான் எதைச் சொன்னாலும் நீ அதுக்கு நேர் மாறாத்தான் மாட்டுவ."

பெரிய வண்டி என் கைக்கு வந்து இவ்வளவு நாள் ஆகியும், அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் துளிக்கூடப் பொறாமை இல்லையே என்பதுதான் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.