ஹாம் குலுக்கல்

பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டால் மனிதர்கள் எப்படியெல்லாம் புளுகுவார்கள் என்பதை மார்லீன் டூடெக்கிடம்தான் கேட்க வேண்டும். மில்வாக்கியை ஒட்டியிருக்கும் வெஸ்ட் அல்லிஸில் அவள் வீட்டுத் தரகர். விற்பனைக்கு வந்த வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று புல்தரையில் பலகை நடுவார்கள். ஓப்பன் ஹவுஸ் என்று பெயர். உள்ளே நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் தாளில் பெயரும் எண்ணும் எழுத வேண்டும். எழுதுவார்கள். பாதிப் பேர் ஜான் ஸ்மித், மீதிப் பேர் ஜேன் ஸ்மித். அந்த எண்களைக் கூப்பிட்டால் பீட்சா கடைக்காரன் எடுப்பான், பல் டாக்டர் எடுப்பார். ஒருமுறை சவ அடக்கம் செய்யும் இடத்திலிருந்து மிகுந்த பரிவோடு பேசினார்கள்.

மார்லீன் அவர்களைக் கோபித்துக்கொள்வதில்லை. உண்மையான எண்ணை ஒரு தரகரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். சாப்பாட்டு மேஜையில் உட்காரும்போது கூப்பிடுவார், மாமனார் சாவுக்குப் போயிருக்கும்போது கூப்பிடுவார். இப்போது வந்திருக்கும் இளம் தரகர்கள் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு வாசலில் டேப்லெட்டை நிறுத்தி, மின்னஞ்சலைத் தட்டினால்தான் வழிவிடுகிறார்கள். வருகிறவர்களோ பொய் மின்னஞ்சலைத் தட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். “வாசல்ல போலீஸ் மாதிரி நின்னா யாருக்குத்தான் உண்மை பேச வாய் வரும்?” என்பாள் மார்லீன்.

அவளிடம் இருந்தது ஹாம். நன்றாகப் புகையூட்டிய முழுப் பன்றித்தொடை. அதைச் சமையலறை மேஜையின் நடுவில் வைத்து, பக்கத்தில் மூடியில் கீறல் போட்ட காலி ஐஸ்கிரீம் டப்பாவை வைப்பாள். சீட்டை நிரப்பி உள்ளே போட்டால் குலுக்கலில் ஹாம் விழலாம். மதுக்கடையில் சனிக்கிழமை தோறும் இறைச்சிக் குலுக்கலுக்குச் சீட்டு எடுத்து வளர்ந்த ஊர் இது. வாசல் தாளில் ஜான் ஸ்மித் என்று எழுதிய அதே ஆள், ஹாம் சீட்டில் தன் பெயரைப் பெரிய எழுத்தில், நடுப்பெயரோடு எழுதுவான். எண்ணை எழுதிவிட்டு ஒருமுறை வாய்க்குள் சொல்லிச் சரிபார்ப்பான். விழுந்த ஹாம் தப்பான வீட்டுக்குப் போய்விட்டால் யார் பொறுப்பு?

சீட்டின் அடியில் ஒரே ஒரு கேள்வி. எப்போது வீடு வாங்க உத்தேசம்: உடனே, ஒரு வருடத்துக்குள், சும்மா பார்க்க வந்தேன். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் மூன்றாவதில் டிக் போடுவார்கள். அடுத்தவர் குளியலறையில் என்ன ஓடு பதித்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். அவர்களையும் மார்லீன் விடமாட்டாள், அடுத்தவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவருக்குத்தான் தன் வீட்டை விற்கும் ஆசை வருகிறது என்பாள். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டுவிடுவாள். ‘வாங்குறீங்களா?’ என்று கேட்கமாட்டாள். “அந்தச் சமையலறை எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். மிச்சத்தை அவர்களே பேசுவார்கள்.

வீட்டை விற்கக் கொடுப்பவர்களுக்கு அவள் தரும் முதல் பொருள் புனித ஜோசப். விரல் நீளப் பிளாஸ்டிக் சிலை. பலகைக்குப் பக்கத்தில் தலைகீழாகப் புதைத்தால் வீடு சீக்கிரம் விற்கும், விற்றதும் தோண்டி எடுத்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்பது இங்கே சர்ச்சுக்குப் போகாதவர்கள்கூடப் பின்பற்றும் வழக்கம். மார்லீன் ஜோசப்பை அட்டைப் பெட்டிக் கணக்கில் வாங்குவாள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், “புதைக்காதவங்க வீடும் விக்குது. ஆனா அவங்க சரியா தூங்கறதில்ல” என்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு வீட்டு விஷயத்தில் தொழில் துரோகம் செய்தாள். அது பக்கத்து வீடு, ஐரீன் யானிக்கின் வீடு.

ஐரீன் கணவனைப் புதைத்தவள், மார்லீன் கணவனைத் துரத்தியவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி, அதில் ஒரு பலகை எப்போதோ கழன்று விழுந்ததை இருவரும் வேண்டுமென்றே சரிசெய்யவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் ஒரே காரில் போய்ப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு அப்பமும் சாப்பிட்டு, ஆளுக்கொரு பிராந்தி குடித்து, ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் புறணி பேசிவிட்டு வருவார்கள். போன குளிர்காலத்தில் ஐரீன் பின்வாசல் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தரப் போன மார்லீன் பார்த்திருக்காவிட்டால் அங்கேயே விறைத்துப் போயிருப்பாள். முழங்கால் அதற்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அரிசோனாவில் இருக்கும் மகன், படியே இல்லாத ஒரு வீட்டைத் தன் வீட்டருகே பார்த்துவிட்டான். இங்கே விற்றால்தான் அங்கே வாங்க முடியும். பனி விழுவதற்குள் அம்மா வந்தாக வேண்டும் என்றான்.

“நீதான்டி வித்துக் குடுக்கணும்” என்றாள் ஐரீன். “வேற எவனாவது வந்தா என் சமையலறையைப் பழைய காலத்து அழகுன்னு விளம்பரத்துல எழுதுவான். பழசுன்னு அர்த்தம்.”

“நானும் அப்படித்தான் எழுதுவேன்.”

“நீ எழுதினா திட்டலாம்ல.”

அக்டோபரில், டிவியில் ஊர் அணியின் ஃபுட்பால் ஆட்டம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து ஓப்பன் ஹவுஸ் வைத்தாள். ஆட்டம் இருக்கும் ஞாயிறன்று இந்த ஊரில் ஹாமை வைத்தாலும் ஒரு ஈ வராது. விற்கிறவர் வீட்டில் இருக்கக் கூடாது என்பதால் ஐரீன் மார்லீன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் காபியோடு உட்கார்ந்து தன் வீட்டுக்கு வருகிறவர்களை வேவு பார்த்தாள். கூட்டம் நன்றாகவே வந்தது. பெரும்பாலும் தெருக்காரர்கள்.

கடைசியில் ஒரு நர்ஸ் வந்தாள், வேலை உடுப்போடு. வாசல் தாளில் ஜேன் ஸ்மித் என்று எழுதினாள். மணிலாவில் பிறந்த முகத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் ஒட்டவில்லை. மார்லீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தப் பெண் குளியலறை ஓடுகளைப் பார்க்கவில்லை. அடுப்பைத் திறந்து தன் பெரிய பாத்திரம் நுழையுமா என்று கையால் அளந்தாள். பின்வாசல் படிக்குப் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்று, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு, வராத தண்ணீரில் இல்லாத தட்டைக் கழுவுகிறவளைப் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். மனதுக்குள் குடியேறிவிட்டவர்கள்தான் அந்தத் தொட்டி முன்னால் அப்படி நிற்பார்கள்.

அவள் போன பிறகு டப்பாவைத் திறந்தாள். ஜெனலின் ஒகாம்போ, அச்சடித்தாற்போன்ற எழுத்து, எண் பளிச்சென்று. ‘உடனே’ என்பதில் டிக். அந்த டப்பாவில் உடனே என்று சொன்னது அந்த ஒரு சீட்டுதான்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாடு வந்தது, போனது. மார்லீன் யாரையும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை தொண்டை சரியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். புதன்கிழமை அலமாரியை ஒழித்தாள். செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பின்வாசல் படியும் தெரியும், ஐரீனை அதிலிருந்து தூக்கியபோது அவள் கை எப்படிச் சில்லிட்டிருந்தது என்பதும் தெரியும். இருந்தும் தொலைபேசியை எடுத்தால் விரல் நகரவில்லை. வேலியில் ஐரீன் கேட்கும்போதெல்லாம் சால்ஜாப்பு சொன்னாள்.

“யாராவது சிக்கினாங்களா?”

“சந்தை மந்தமா இருக்குடி.”

“ஜோசப்பைப் புதைச்சியா?”

“அன்னிக்கே புதைச்சாச்சு.”

வியாழக்கிழமை ஐரீன் டின் திறக்கும் கருவி கேட்டு வந்தாள். மார்லீன் குளியலறையில் இருந்தாள். “டிராயர்ல இருக்கு, எடுத்துக்கோ” என்று குரல் கொடுத்த பிறகுதான் உறைத்தது. ஈரத் தலையோடு ஓடிவந்தபோது ஐரீன் டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே டின் திறக்கும் கருவிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், புனித ஜோசப் மல்லாந்து படுத்திருந்தார்.

ஐரீன் சிலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்த டப்பாவைக் கொண்டா” என்றாள். “ஹாமைக் குலுக்கவே இல்லியே. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உன் ஐஸ்பெட்டியில கிடக்கு.”

வீட்டுக்காரர்தான் சீட்டு எடுப்பது வழக்கம். மார்லீன் கொண்டுவந்து வைத்தாள். ஐரீன் மூடியைத் திறந்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், சீட்டுகளை மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள்.

“குலுக்கல்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும்.”

“ஜோசப்பை டிராயர்ல போட்டவ எனக்கு விதி சொல்லாத.”

சும்மா, சும்மா, சும்மா என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினாள். ஜெனலினின் சீட்டு வந்ததும் நிறுத்தினாள். “இதான் அந்த நர்ஸ் பொண்ணா? படியில கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாளே. அப்பவே நெனச்சேன், புத்தியுள்ளவன்னு.” சீட்டை மார்லீன் பக்கம் நகர்த்தினாள். “ஹாம் இவளுக்குத்தான். கூப்பிடு.”

“நீ போயிட்டா வெள்ளிக்கிழமை நான் யாரோட மீன் சாப்பிடுவேன்?” என்றாள் மார்லீன். நாலு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

“நான் மறுபடியும் அந்தப் படியில விழுந்தா, ஆஸ்பத்திரியில என்னோட உக்காந்து ஜெல்லி சாப்பிடுவ. எனக்கும் போக இஷ்டமில்லடி. அதுக்காக என்னை இங்கயே விழ வெப்பியா?”

மார்லீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“ஜேன் ஸ்மித்தா?”

மறுமுனையில் மெல்லிய குரல்: “மேடம், மன்னிச்சுக்கோங்க. தரகருங்க விடாம கூப்பிடுவாங்கன்னு வார்டுல எல்லாரும் சொன்னாங்க.”

“சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஜேன் ஸ்மித்துக்கு ஒண்ணும் விழல. ஜெனலின் ஒகாம்போவுக்குத்தான் ஹாம் விழுந்திருக்கு.”

அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்: “மேடம், அந்த வீடு… போயிடுச்சா? ஜேன் ஸ்மித்னு எழுதிட்டு எந்த முகத்தோட கூப்பிடறதுன்னு நாலு நாளா பயந்துக்கிட்டே இருக்கேன்.”

போய்விட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எதிரே ஐரீன் மடியில் சிலையோடு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் தாயைப் போல உட்கார்ந்திருந்தாள்.

“இருக்கும்மா” என்றாள் மார்லீன். “உனக்காகத்தான் இருக்கு. அந்தச் சமையலறை எப்படி இருந்தது?”

மிச்சத்தை ஜெனலினே பேசினாள்.

ஐரீன் எழுந்தபோது சிலையைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “இவர் என்கிட்டயே இருக்கட்டும். உன்னை நம்பி விட முடியாது.” அரிசோனாவில் அலமாரி மேல் வைக்கத்தான் எடுத்துப்போகிறாள் என்று மார்லீன் நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில், முதல் பனிக்கு முன்னால், மகன் வந்து அழைத்துப்போனான். கிளம்பும் நேரத்தில் ஐரீன் மட்டும் தனியாக மார்லீனின் பின்தோட்டத்துக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. மகன் காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அழுகிறாள் போலிருக்கிறது, அழட்டும் என்று மார்லீன் பின்னால் போகவில்லை. திரும்பி வந்தவள் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, கட்டிப்பிடித்துவிட்டு, காரில் ஏறிப் போனாள்.

ஜெனலின் நல்ல பக்கத்துவீட்டுக்காரி. வேலியில் கழன்ற பலகை வழியாகச் சூப் வரும், வறுத்த நூடுல்ஸ் வரும். ஆனால் வெள்ளிக்கிழமை அவளுக்கு இரவு வேலை. மார்லீன் மீனைப் பொட்டலமாக வாங்கிவந்து டிவி முன்னால் சாப்பிட்டாள். அது ஒரு சாப்பாடே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அவளே பின்வாசல் படியில் இரண்டு தடவை வழுக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் பனி கரைந்து மண் இளகியதும், பட்டாணி போடலாம் என்று வேலியோரம் கொத்தினாள். கொத்துக் கரண்டியில் ஏதோ தட்டியது. கையால் மண்ணை விலக்கினாள். இரண்டு சின்னப் பாதங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

மண் கையோடு தொலைபேசியை எடுத்தாள்.

“ஐரீன், உன் ஆளு என் தோட்டத்துல தலைகீழா நிக்கிறாரு.”

“இப்பதான் பார்த்தியா? குளிர்காலம் பூரா வேலை செய்யாம தூங்கிட்டாரு போல.”

“என் வீட்டை விக்கவா புதைச்ச?”

“எனக்கு ரெண்டு வீடு தள்ளி ஒண்ணு காலியாகுது. படி கிடையாது. வெள்ளிக்கிழமை இங்கயும் மீன் போடறாங்க. நம்ம ஊர் அளவுக்கு இல்ல, சுமாரா இருக்கும். தனியா சாப்பிட்டா அதுவும் இறங்கல.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“அது ஆளுங்க தரகர்கிட்ட சொல்ற பொய். என்கிட்ட சொல்லாத.”

மார்லீனுக்குக் கண் நிறைந்து வந்தது, துடைக்கக் கையில் சுத்தமான இடமில்லை. ஜோசப்பின் காலில் சுற்றியிருந்த வேரை மட்டும் எடுத்துப் போட்டாள். அவரை வெளியே எடுக்கவில்லை. மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

“சரி, வெச்சிடறேன்” என்றாள். “கடைக்குப் போகணும். ஒரு நல்ல ஹாமா பார்த்து வாங்கணும்.”