கோடு பிசகாத நாற்காலி

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரரை 'ஒரிஜினல்' என்றால்தான் தெரியும். குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தோரு வருஷம் ஜெராக்ஸ் கடை நடத்தியவர். காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு, மெஷின் மூடிக்கு அடியில் இருக்கும் அசல் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுப் போவதற்கென்றே ஊரில் பாதிப் பேர் பிறந்திருந்தார்கள். "ஒரிஜினலை எடுத்தீங்களா?" என்று ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் கத்திக் கத்தி, அந்தப் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. அப்படியும் விட்டுப்போன சான்றிதழ், பத்திரம், மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்து, கடை சாத்திய பிறகு விலாசம் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இங்கே சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். நான் திட்டாத நாளில்லை.

முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கடையை விற்றோம். சாவியைக் கொடுத்த அன்று பழக்கதோஷத்தில் மெஷின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வாங்கினவருக்கு முப்பது வயதிருக்கும். கூட்டம் சேர்ந்துவிட்ட அவசரத்தில், "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இவருக்கு மட்டும் அது ஆறாத புண்ணாகிவிட்டது. இனிமேல் அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து சபதம் போட்டார். சபதம் போடுவதற்கு முழங்கால் தேவையில்லையே.

வேலையில்லாத மனுஷனை வீட்டில் வைத்துக்கொள்வது தனி வேலை. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டார். ஏழாம் நம்பரில் என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுப் பரீட்சை வைத்தார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளிடம் போனில் அழாத குறையாகச் சொன்னேன். அவள்தான் மரம் அறுக்கிற மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள். ஸ்க்ரோல் சா என்று பெயராம். பார்த்தால் தையல் மெஷின் மாதிரிதான் இருக்கும். ஊசி இருக்கிற இடத்தில் கம்பி கனத்துக்கு ஒரு ரம்ப பிளேடு, மேலும் கீழும் ஆடும். படத்தைப் பலகையில் ஒட்டி, பலகையைத் திருப்பித் திருப்பிக் கோட்டின் மேலேயே ஓட்டினால் உருவம் தனியாக வந்துவிடும்.

முதல் மாதம் ஒன்றைச் செய்து என் கையில் கொடுத்தார். ஆமை அழகாக இருக்கிறது என்று பாராட்டினேன். அது வாத்தாம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி காயப்போடும் பின்னறை அவருடைய பட்டறையாயிற்று. தலையணையில் மரத்தூள், டீயில் மரத்தூள். பிளேடு முறிந்தால் எனக்குத்தான் திட்டு. ஆனால் ஒரு வருஷத்தில் கை படிந்துவிட்டது. தெருவில் பாதி வீட்டுச் சாவிகள் அவர் அறுத்த மீன்களிலும் யானைகளிலும் தொங்கின. "அறுத்து முடிச்ச பிறகு ஓரத்துல கோடு மிச்சம் தெரிஞ்சா, கை போதாதுன்னு அர்த்தம்" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். இவருக்கு ஒரே தங்கை. அவள் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேச்சில்லாமல் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். எழுதுவதென்றால் அந்த மனுஷருக்குக் கை ஓடாது. வேண்டியதைப் பென்சிலால் படம் போட்டுத்தான் காட்டுவார். தம்ளர் போட்டால் தண்ணீர். ஜன்னல் போட்டால் திறக்க வேண்டும். கடைசியாகப் போட்டது ஒரு நாற்காலி. அதில் ஒரு கால் குட்டை.

அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அவருக்குத்தான் உட்காரணும் போலன்னு நெனச்சு, நர்ஸைக் கூப்பிட்டுத் தலைமாட்டை ஒசத்தச் சொன்னேன் அண்ணி. வேணாம் வேணாம்னு தலையை ஆட்டினார். காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே, நீ உட்காருன்னு என்னைத்தான் சொல்லியிருக்கார். வீட்டுக்கு வந்து பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் அது எனக்குப் புரிஞ்சுது."

பென்சில் மங்கிக்கொண்டே வருகிறது, இதே நாற்காலியை மரத்தில் செய்து கொடு என்று அண்ணனிடம் கேட்டாள். காகிதம் பத்திரம் என்று அவள் சொல்லவில்லை. ஒரிஜினலிடம் போய் யார் அதைச் சொல்வார்கள்?

மறுநாள் அந்தக் காகிதத்தின் பின்பக்கம் அவர் பசை தடவிக்கொண்டிருந்தார். காப்பி எடுத்து ஒட்டலாமே என்று கேட்டேன்.

"அவன் கடையில போய் நான் வரிசையில நிக்கணுமா?" என்றார்.

நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். உனக்கு அளவு சொல்லி வாங்கத் தெரியாது என்றார். கோட்டுக்கு ஒரு நூல் வெளியே தள்ளி அறுத்துவிட்டு, ஈரத்துணி வைத்துக் காகிதத்தை உரித்துவிடுவாராம், கோடு பத்திரமாக இருக்குமாம். அடுப்பில் பால் பொங்குகிற நேரம். எனக்கும் அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "உங்க பாடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். என் கைபேசி அடுப்பு மேடையில்தான் கிடந்தது. ஒரு போட்டோ எடுத்து வைப்போம் என்றுகூடத் தோன்றவில்லை.

மெஷின் சத்தம் ஒரு மணி நேரம் விடாமல் கேட்டது. கால்களுக்கு நடுவே இருக்கும் பகுதியை எடுக்க, சின்னத் துளை போட்டு, பிளேடைக் கழற்றித் துளைக்குள் விட்டு மறுபடி மாட்ட வேண்டும். அதையெல்லாம் பொறுமையாகச் செய்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஒரு எடத்துலகூடக் கை ஆடலை. பாரு."

பார்த்தேன். குட்டைக்கால் உட்பட அச்சு அசலாக அதே நாற்காலி. மேலே ஒட்டியிருந்த காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"கோடு எங்கேங்க?" என்றேன்.

ஒரு நூல் தள்ளித்தான் ஆரம்பித்தாராம். ஒரு வருஷமாகக் கோட்டின் மேலேயே போய்ப் பழகிய கை, அதுவாகக் கோட்டுக்குப் போய்விட்டது. வேலை சுத்தமாக வருகிற மகிழ்ச்சியில் அவருக்கு அது உறைக்கவே இல்லை. பென்சில் போன தடமெல்லாம் தரையில் தூளாகக் கிடந்தது. மடக்கவே முடியாத அந்தக் காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தூளைக் கூட்டிச் சேர்த்தார். வாத்து செய்த காலத்துக் கையாக இருந்திருந்தால் அங்கங்கே கொஞ்சம் கோடாவது மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். நான் சொல்கிறேன் என்று முன்னால் போனேன். அவர் என்னைத் தடுத்துவிட்டு, "கோட்டு மேலயே போயிட்டேம்மா" என்று தானே சொன்னார். அவள் நாற்காலியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாய்மானத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இங்க கை நடுங்கி ரெண்டு தடவை போட்டிருந்தார்ணா" என்றாள். அவ்வளவுதான். நாற்காலியைப் பையில் வைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு, எப்போதும் போலச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவர் பிழைத்திருப்பார். திட்டத் தெரியாதவளாகப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில், நாற்காலியை எடுத்தது போக மிஞ்சிய பலகையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே கிளம்பினார். மூன்று வருஷமாக மிதிக்காத அந்தக் கடைக்குத்தான் போயிருக்கிறார். பலகையைக் கண்ணாடி மேல் கவிழ்த்துக் காப்பி எடுத்தால் ஓரம் கோடாக விழும், அதைப் பார்த்து மறுபடி பென்சிலால் வரைந்துவிடலாம் என்று கணக்கு.

திரும்பி வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார். கோடு ஒன்றும் விழவில்லை. நாற்காலி வடிவத்தில் கருப்பாக ஓர் ஓட்டை மட்டும் இருந்தது.

அந்தக் கடைக்காரர் ஏதாவது சொன்னாரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"உள்ள நுழைஞ்சதுமே, வாங்க சார், உட்காருங்கன்னு நாற்காலியை எடுத்துப் போட்டான்" என்றார். "அன்னைக்கே போயிருக்கலாம்."

எட்டு நிமிஷ நடைதான். நானும் போயிருக்கலாம்.