கரியரில் நான் இருந்தால் மட்டும்

நாங்கள் பாப்பாமோட்டைக்கு மீள்குடியேறி வந்த முதல் வருடத்தில்தான் என் கணவரின் சைக்கிளில் பெடல் வழுக்கத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்து மறுபடி மிதிக்கையில் பெடல் பிடியில்லாமல் சுற்றும். பிறகு டக்கென்று பிடிக்கும். பின்னால் கரியரில் இருக்கிற என் மூக்கு அவருடைய முதுகில் போய் இடிக்கும். அவர் தனியாகப் போனால் ஒன்றும் இல்லை. நான் ஏறினால் மட்டும்தான் இந்தக் கூத்து.

செயினை இறுக்கினார். பெடல் தண்டில் அடிக்கும் ஆணியை மாற்றினார். செயின் ஓடும் பல்லுத் தேய்ந்திருக்குமோ என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு முன்னால் சைக்கிளைத் தனியே ஓடிப் பார்த்துவிட்டு, "இப்ப நீ ஏறு பாப்பம்" என்றார். அயலட்டைச் சனம் வேலியோரம் நின்று பார்க்க ஏறினேன். போய்த் திரும்பி வருவதற்குள் இரண்டு தரம் வழுக்கியது.

"பாரம் கூடிட்டுது போல" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

முகாமில் எலும்பும் தோலுமாக இருந்த நான் நிவாரண மாவிலும் பருப்பிலும் கொஞ்சம் சதை போட்டிருந்தது உண்மைதான். ஆனால் இடம்பெயர்ந்த சனத்துக்குப் பாரம் என்பது லேசான பேச்சில்லை. பாரமானதை எல்லாம் வழிவழியே இறக்கிவிட்டுத்தான் உயிர் தப்பினோம். ஆட்டுக்கல் போனது, தையல் மெசின் போனது. இப்போது என் முறை என்றே எனக்குப் பட்டது. வெட்கத்தில் இரவுச் சோற்றைப் பாதியாக்கினேன். கேட்டால், பசியில்லை என்றேன்.

உப்புக்குளத்தில் என் தங்கைக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. என் பக்கத்து உறவில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். பஸ்ஸை நம்ப முடியாது. கரியரில் ஏறவும் எனக்கு மனம் வரவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

"பிள்ளைப்பேறு நானோ பாக்கிறது?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நெல்லு மூட்டையை ஏத்தி ஓடிப் பாருங்கோ. அது என்னிலும் பாரம்தானே. அதுக்கும் வழுக்குதோ பாப்பம்."

ஏற்றினார். ஓடினார், நின்றார், மறுபடி மிதித்தார். வழுக்கவில்லை. ஒரு மூட்டைக்கு இருந்த மதிப்புக்கூட எனக்கு இல்லாமல் போனது. அழுகையை அடக்கிக்கொண்டு, "இன்னொருக்கா ஓடுங்கோ" என்றேன். இந்தத் தரம் அவருடைய காலையே பார்த்தேன்.

அந்தச் சைக்கிளில், மிதிக்காதபோது சில்லை மட்டும் ஓடவிடுகிற பிறீவீல் வேலை செய்வதில்லை. சாமான் கிடைக்காத யுத்த காலத்தில் அது பழுதாகி, தனியே சுற்றாதபடி வெல்டிங் வைத்தது. சில்லு ஓடினால் பெடலும் ஓடும். பிரேக் எப்போதோ போய்விட்டது. மூட்டையோடு வந்தவர் காலிரண்டையும் விரித்துச் செருப்பைத் தரையில் தேய்த்துத் தடாரென்று நின்றார். தனியே ஓடினாலும் அப்படித்தான். நான் இருந்தால் மட்டும் தூரத்திலேயே பெடலைப் பின்னுக்கு அழுத்தி அழுத்தி, நோகாமல் நிறுத்துவார். அந்த அழுத்தத்தில்தான் பின் சில்லில் திருகியிருந்த பல்லுச்சக்கரம் புரி கழன்றுகொண்டிருந்தது. மறுபடி மிதிக்கையில் அது புரியேறி இறுகும்வரை பெடல் சும்மா சுற்றியது.

"ஏன் எனக்கு மட்டும் அப்பிடி நிப்பாட்டுறியள்?"

"தடாரெண்டு நிப்பாட்டினால் நீ விழுந்திடுவாயெல்லே" என்றார், மூட்டையை அவிழ்த்தபடி.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் சோற்றை அளந்து பார்க்கிற மனிசன் என்று அவரை அத்தனை நாளும் மனதுக்குள் வைதுகொண்டிருந்தவள் நான்.

மறுநாள் தங்கையிடம் புறப்பட்டோம். மூட்டைக்கு நிறுத்துகிற மாதிரியே நிறுத்தச் சொன்னேன். ஓம் என்றார். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்தபோது காலை விரித்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பவும் பெடலில் வைத்துப் பின்னுக்கு அழுத்தினார். சோதனை முடிந்து மிதித்ததும் வழுக்கியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து, அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, கரியரிலேயே இருந்தேன்.