வட்டம் போட்ட இடம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு லாரியில் கிளீனர், பெங்களூரில் ஓட்டல் வேலை, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பு என்று கால் போன பக்கமெல்லாம் போயிருக்கிறேன். படுக்க இடமில்லாமல் சுடுகாட்டுச் சுவரோரம் ஒரு வாரம் தூங்கியிருக்கிறேன், கொசு கடித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது. நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறேன். தோலை விரித்து, மேலே அச்சுக் கத்தியை வைத்து மிஷினால் அழுத்தினால் ஷூவின் மேல்பாகம் துண்டு துண்டாக வரும். எங்களுக்கு முன்னால் செக்கிங் ஆட்கள் தோலைத் தடவிப் பார்த்து, முள் கீறல், பழைய காயத் தழும்பு எங்கே இருந்தாலும் சில்வர் பேனாவால் சுற்றி வட்டம் போடுவார்கள். வட்டம் போட்ட இடத்தில் கத்தி வைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருவது அதைத்தான்.

செக்கிங்கில் ஜான்சி இருக்கிறாள். அவள் புருஷன் டில்லி என் பக்கத்து மிஷின். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஒடுகத்தூருக்கு மேலே மலையை அறுத்துக்கொண்டு ஒரு கானாறு வருகிறது, இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் கண்ணாடி மாதிரித் தண்ணீர், நான் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறேன் என்று அளந்துகொண்டிருந்தேன்.

"ஒம்போது வர்ஷமா இந்த மலைய பஸ்லேர்ந்து பாக்கறதோட சரிணா," என்றாள் ஜான்சி. "கல்யாணம் பண்ணப்ப கூட்டிட்டுப் போறேன்னாரு இவரு."

"ஊட்டின்னு சொன்னேன்," என்றான் டில்லி.

"அதுவும் பேஜாராதான் போச்சு."

அவ்வளவுதான், எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது, நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அடுத்த மாதம் முழுக்க ஞாயிறும் வேலை என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார், மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. முதல் பஸ், மாதனூரில் இறங்கி ஒடுகத்தூர் பஸ், அங்கிருந்து நடை. புளிசோறு, அவித்த முட்டை, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். செருப்பு கூடாது, ஷூதான். அந்த வாரம் முழுக்க நான் தூங்கியதே கம்மி. மலையில் போனுக்கு டவர் இல்லை, ஆற்றை ஏழு இடத்தில் தாண்ட வேண்டும், காகிதத்தில் எழுதினால் நனைந்துவிடும். அதனால் கழிவுக் கூடையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தோல் துண்டை எடுத்து, கட்டைவிரலால் தடவி, ஒரு கீறல்கூட இல்லாத துண்டாகப் பார்த்து, சில்வர் பேனாவால் ஆற்றை வரைந்தேன். வளைவுகள், தாண்டும் இடங்கள், நேரம் எல்லாம். மூன்றாவது வளைவில் 'சாப்பாடு, பன்னிரண்டரை'. அங்கே ஒரு பெரிய பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், கீழே குளுகுளு நிழல், எதிரே மடு. பாறை வீடு என்று அதற்குப் பேரே வைத்திருந்தேன்.

ஒடுகத்தூர் பஸ்ஸில் ஜன்னல் வெயிலில் ஜான்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாணா, சாப்பாட்டு எடத்துல வட்டம் போட்டுகிற?"

நான் போடவில்லை. டில்லியைப் பார்த்தேன்.

"டேய் சேகரு, சத்தியமா நான் இல்லடா."

மூன்றாவது வளைவைச் சுற்றி, கொஞ்சம் கோணலாக, மெல்லியதாக ஒரு வட்டம் மினுங்கியது. யாராவது விளையாடியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மலை கிட்டே வந்துவிட்டது, வட்டத்தை யார் பார்ப்பார்கள்!

நடந்த நடையைச் சொன்னால் நாள் போதாது. ஜான்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள், டில்லி இரண்டு தரம் வழுக்கி விழுந்தான், அவள் சிரித்த சிரிப்பு பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது வளைவு வந்ததும் "பாருங்க என் வீட்ட!" என்று கத்தினேன். ஜான்சி தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டாள்.

"நான் வர்லணா. வட்டம் போட்ட எடம்."

"அது தோலுமா! இது பாறை!"

"எதுவா இருந்தா இன்னா. அங்க ஒக்காந்தா எனக்குச் சோறு எறங்காது."

"வீட்லயும் இப்டித்தான்டா," என்றான் டில்லி. "தக்காளி வாங்கினா கூட வட்டம் போடுவா."

ஒரு வாரமாகக் கனவு கண்ட இடம், எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் அவளுக்காகத்தானே வந்தோம் என்று எதிர்க்கரையில் கொளுத்தும் வெயிலில் போய் உட்கார்ந்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். துணி கிழிவது மாதிரி ஒரு சத்தம். மழை இல்லை, காற்று இல்லை, மேலே ஆடு மாடு இல்லை. பாறை வீட்டின் கூரை அப்படியே பிய்த்துக்கொண்டு கீழே வந்தது. மடுத் தண்ணீர் எகிறி எங்கள் சோற்றில் விழுந்தது. தூசி அடங்கியபோது நிழல் இருந்த இடத்தில் லாரி அளவுக்குக் கல் கிடந்தது. டில்லி போனை எடுத்துக் காட்டினான். பன்னிரண்டு நாற்பது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஜான்சியின் மேசையில் துண்டை வைத்தேன். சில்வர் கோடு ரப்பரால் தேய்த்தால் போய்விடும். தேய்த்தாள். ஆறு போயிற்று, வளைவுகள் போயின, என் கையெழுத்து போயிற்று. வட்டம் மட்டும் போகவில்லை. விரலால் தடவியவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது பேனா இல்லணா. தழும்பு. மாடு உயிரோட இருக்கறப்ப பட்ட காயம், ஆறியே வர்ஷக்கணக்குல ஆயிருக்கும்."

என் கட்டைவிரல் இத்தனை வருஷத்தில் ஒரு தழும்பைத் தவறவிட்டதில்லை. அந்த இடத்தில் என் பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இன்னமும் ஊர் சுற்றுகிறேன், அது நிற்காது. அந்தத் துண்டு என் அறைச் சுவரில் இருக்கிறது. அதைப் பார்த்தால்கூடப் பயமில்லை. ஆனால் அது ஒரு முழுத்தோலின் ஓரத் துண்டு. மீதித் தோலை அந்த வாரம் நான்தான் வெட்டினேன். ஒரு வட்டம்கூட இல்லாத சுத்தமான தோல் என்று ஜான்சியே எழுதி அனுப்பியது. ஷூவாகிக் கப்பலேறிப் போய்விட்டது. எந்த ஊரிலோ யாரோ அதை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அதிலும் ஒரு வட்டம் எழும்பி, அவர்கள் குனிந்து ஒருமுறை பார்த்தாலும், அது என்ன வட்டமென்று அவர்களுக்கு யார் சொல்வது?