குடைக்குள் இருந்த முகம்

"பயிற்சியின் முப்பதாம் நாள் பார்க்க வா." கைபேசிக்குத் தடையிருந்த தொண்டர் படை முகாமிலிருந்து, லக்கலையில் இருந்த மனைவிக்கு நான் எழுதிய வரி இது.

முகாமில் விடிந்த முதல் காலையிலிருந்து நான் எண்ணினேன். அவளோ நான் பஸ் ஏறிய நாளிலிருந்து. ஒரு நாள் முந்தி வந்தவளைக் காவலர் உள்ளே விடவில்லை. அணியோடு ஓடியபோது வாசலில் அவள் குடையைக் கண்டேன்; நிற்க அனுமதியில்லை. ஒரு மாதம் காணாத முகம் அதற்குள் இருந்தது.

மாலையில் அவள் கொடுத்துப்போன பொதி வந்தது. உள்ளே, என் பெயருக்கு வந்து, அவள் பிரிக்காமல் கொண்டுவந்த அழைப்புக் கடிதம்: மறுநாள் மாத்தளையில் ஆசிரியர் நேர்முகத் தேர்வு. விடுப்பும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

இப்போது நாட்கணக்கு எழுதுவதில்லை, திகதியையே எழுதுகிறேன்.

அன்று என்னைக் கண்டாயா என்றால், "எல்லாரும் ஒரே மொட்டைத் தலையா ஓடுனீங்க, உங்கள எங்க கண்டேன்?" என்கிறாள். அது உண்மைதானா என்பதை இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.