கத்திரிக்கு ஒரு சைஸ் பெரிசு

எழுதுவதற்கு நான் ஆள் இல்லை. பன்னிரண்டாவதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சரக்கு வந்த சீட்டும் சரக்கு போன சீட்டும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்வதற்கே நான் கூசுவேன். அப்படிப்பட்டவள் மற்றவர்கள் உட்கார்ந்து படிக்கும்படி பக்கக் கணக்கில் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது கையால் எழுதிப் பார்க்கிறேன்.

கவரைப்பேட்டையில், ஸ்டேஷனிலிருந்து ஹைவேக்குப் போகிற வழியில், ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் பத்து வருஷத்துக்கு மேல் கவுண்டரில் நின்றேன். முதலாளி பழவேற்காட்டுக்காரர். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அண்ணன் தம்பிகள் இறாலும் ஜவுளியும் பார்த்தார்கள், இவர் மட்டும் ஒயருக்கு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்பா அம்மா காலத்தில் ஊரார் நிலத்தில் கூலி. என் காலத்தில் எல்லோரும் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். போகாதவள் நான் ஒருத்திதான். ஆனால் கம்பெனிக்குள் நடப்பது ஒவ்வொன்றும் ஒரு துணிப்பையில் கட்டி எங்கள் கவுண்டருக்கு வந்துவிடும்.

பையில் வருவது பெரும்பாலும் பிரேக்கர். வீட்டில் ஃபியூஸ் செய்கிற வேலையை மில்லில் அது செய்யும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுந்து லைனை வெட்டிவிடும். ‘ட்ரிப் ஆயிடுச்சு’ என்பார்கள். செத்துப்போன பிரேக்கரைக் கையில் வாங்கினாலே எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சிவப்பாக நைஸான தூசி படிந்திருந்தால் கம்பி உருட்டுகிற ரோலிங் மில். திருகுகளில் பச்சை பூத்திருந்தால் கடலோர ஐஸ் ஃபேக்டரி. திருகே கழன்று ஆடினால் கல் உடைக்கிற இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கெடுதல். வாங்க வருகிறவர்களுக்கு அதெல்லாம் கணக்கில் இல்லை. பழையதை எடுத்து மேஜையில் வைத்து, “இதே மாதிரி, ஒரு சைஸ் பெரிசு” என்பார்கள், வளருகிற பிள்ளைக்குச் செருப்பு கேட்பதுபோல.

கத்திரி வெயில் வந்தால் இந்தப் பேச்சு அதிகமாகும். வெயில் காலத்தில் பிரேக்கர் சும்மாச் சும்மா விழும். அதனால் கத்திரிக்கு ஒரு சைஸ் பெரிசாகப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் காற்று திரும்பியதும் பழைய சைஸுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். ஆடியில் சின்ன சைஸ் கேட்டு ஒருத்தரும் வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கத்திரிக்கு அதற்கும் மேல் ஒரு சைஸ் கேட்டு வருவார்கள்.

டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதங்களை நான் படிப்பேன். வியாபாரம் இல்லாத நேரத்தில் செய்ய வேறு வேலை இல்லை. இங்கிலீஷ்தான், டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிரேக்கருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கும், சூடானால் வளையும், வளைந்தால் லைன் விழும். கரண்ட் கூடியதால் வந்த சூடா, பக்கத்தில் அடுப்பு எரிவதால் வந்த சூடா என்று அந்தப் பட்டைக்குத் தெரியாது. அதற்குத்தான் காகிதத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பார்கள்: நாற்பது டிகிரியில் எவ்வளவு தாங்கும், ஐம்பதில் எவ்வளவு, அறுபதில் எவ்வளவு என்று. சூடு ஏற ஏறத் தாங்குவது குறையும். வெளிச் சூட்டைக் கண்டுகொள்ளாத இன்னொரு வகையும் உண்டு, உள்ளே சுருளும் எண்ணெயும் வைத்தது. மெட்ராஸில் சொல்லிவைத்தால் ஒரு வாரத்தில் வரும். எங்கள் கடையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

படித்ததை ஒரு முறை சொல்லியும் பார்த்தேன். வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர் ஒருவர் கம்ப்ரஸர் மோட்டாருக்கு பிரேக்கர் கேட்டார். “மோட்டாருக்கு இந்த வகை வேணாங்க, ஸ்டார்ட் பண்றப்பவே விழுந்துடும்” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பி, “இன்னா பாய், கடைல டீச்சரம்மாவ வேலைக்கு வெச்சிக்கினியா? பெஞ்சு எப்ப போடப் போற?” என்றார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அவர்கள் போன பிறகு மெதுவாகத்தான் சொன்னார்: “வர்றவங்க இன்னா கேக்குறாங்களோ அத்தக் குடும்மா. மில்லுக்குள்ள போய்ப் பாத்தவங்க அவங்கதான், நாம இல்ல.” அன்றிலிருந்து இருக்கிறது, இல்லை என்கிற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். காகிதம் படிப்பதை மட்டும் விடவில்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, கத்திரி தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். பகல் பன்னிரண்டு மணி போல ஒரு ரோலிங் மில் எலெக்ட்ரீஷியன் வந்தார். எளாவூர்க்காரர், நாற்பது வயதைத் தொட்டவர். ஹெல்ப்பராகச் சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பல வருஷமாக அந்த மில்லில் கான்ட்ராக்ட் ஆள்தான். என்னை டீச்சரம்மா என்று கேலி செய்த அதே கான்ட்ராக்டரும் அப்போது கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, இந்த வாரத்துல மூணாவது தபா” என்றார் பாய். ஆந்திரா எல்லைப் பக்கத்துக்காரர் என்பதால் அவரை நைனா என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்.

“பேஜாராக் கீது பாய். லோடோட கிரேன் நட்ட நடுவுல நின்னுடுது. மேல கேபின்ல குந்திக்கினு கீறவன் என்னப் பாத்துக் காறித் துப்புறான்.”

“துப்பட்டுமே. அந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்.”

“உனுக்கு சிரிப்பு. காலைல மேனேஜரு இன்னா சொன்னான் தெரியுமா? இன்னொரு தபா கிரேன் நின்னா நீ கேட்டுக்கு வெளிய நின்னுக்கோன்றான். ஆடிக்குள்ள பெர்மனென்ட் பண்றேன்னு சொன்னதும் இவன்தான்.”

பையிலிருந்து பிரேக்கரை எடுத்து வைத்தார். சிவப்புத் தூசி அப்பியிருந்தது. ஒரு பக்கம் பிளாஸ்டிக் வெயிலில் கிடந்த காகிதம்போலப் பழுத்திருந்தது. எண்பது ஆம்ஸ் கரண்ட் தாங்குவது. போன கத்திரிக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு முன்னால் அங்கே இருந்தது அறுபத்து மூன்று. கேபிள் அந்த அறுபத்து மூன்றுக்குப் போட்டது, அதை இன்னும் மாற்றவில்லை என்று அவரே ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

“பேனல் பொட்டி எங்க மாட்டிக் கீது?” என்று கேட்டார் பாய்.

“ஃபர்னஸ் பக்கத்துத் தூண்லதான். மில்லு கட்டுறப்பவே அங்க மாட்டிட்டானுங்க. கதவத் தொறந்து வெச்சி ஸ்டாண்டு ஃபேன் போட்டுக் கீறேன். அப்பவும் வுழுது. இப்ப லோடு வேற ஜாஸ்தி ஏத்துறானுங்க.”

“கத்திரிதான் நைனா. நூறு போட்டுக்கோ” என்றார் பாய். அதற்குள் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நான் நூறு ஆம்ஸ் டப்பாவை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கொஞ்சம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏம்மா, நீ இந்தக் காயிதத்தயெல்லாம் படிச்சிக்கினே இருப்பியே. நூறு போட்டா வுழாம நிக்குமா?”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலிலிருந்து சிரிப்பு வந்தது. “கேளுப்பா, கேளு. டீச்சரம்மா கணக்கு போட்டுச் சொல்லுவாங்க.”

முகமெல்லாம் சூடாகிவிட்டது. மேஜையைப் பார்த்துக்கொண்டு, “நிக்கும்ணா” என்றேன்.

பொய் இல்லை. நூறு போட்டால் பிரேக்கர் நிற்கும். கேபிள் நிற்காது. பிரேக்கர் விழுந்துகொண்டிருந்ததே கேபிளைக் காப்பாற்றத்தான். ‘அண்ணா, பிரேக்கரைப் பெரிசாக்காதீர்கள், பேனலைக் கழற்றி எதிர்த் தூணுக்குக் கொண்டுபோங்கள். கதவை மூடுங்கள், ஃபேன் காற்று இரும்புத் தூசியைத்தான் உள்ளே தள்ளுகிறது. சூட்டுக்கு மாறாத வகையை மெட்ராஸிலிருந்து வரவழைக்கிறேன், லோடைப் பார்த்துக் கேபிளையும் தடிமனாகப் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் கிரேனில் பாதி லோடு ஏற்றச் சொல்லுங்கள்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ரயிலில், சமையலில், எத்தனையோ முறை இதை நான் எனக்குள் சொல்லிக்கொண்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இன்சுலேஷன் டேப் வாங்க வந்ததாகச் சொன்னார், ஆனால் கையில் பனையோலையில் கட்டிய நுங்கு இருந்தது. “எங்கூரு பக்கம் ரோட்டுல வித்துக்கினு இருந்தான். உனுக்குத்தாம்மா. நீ சொன்ன மாதிரியே நிக்குது. ஒரு தபா கூட வுழல. மேனேஜரு இப்ப டீ சாப்டியான்னு கேக்குறான்!”

அன்றைக்குக் கான்ட்ராக்டர் இல்லை. பாய் கூட இல்லை. கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் தடவை என் வாயைக் கட்டியது கூச்சம். இரண்டாவது தடவை எது என்று இன்னும் யோசிக்கிறேன். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி இருந்தது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருத்தர் என் பேச்சைக் கேட்டு நடந்து, அது பலித்ததாக வந்து சொல்கிறார். அந்தப் பெருமையும் எனக்கு வேண்டியிருந்தது. “பாத்துக்கோங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நுங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் ஷிப்டில் ஃபர்னஸ் தூணுக்கு மேலே கேபிள் எரிந்துவிட்டது. பிரேக்கர் விழவே இல்லை. தீ ஒயர் வழியாகக் கிரேன் பக்கம் ஓடுவதைப் பார்த்து எலெக்ட்ரீஷியன் ஓடிப்போய் மெயின் ஹேண்டிலை வெறுங்கையால் இழுத்து நிறுத்தியிருக்கிறார். வலது உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. கேபினில் இருந்தவர் ஏணி வழியாக இறங்கித் தப்பித்தார். மில் இரண்டு நாள் ஓடவில்லை. என் பெரிய அண்ணன் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தார், அன்று சாயங்காலம் அவர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரவு சோறு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னேன்.

வியாழக்கிழமை மேனேஜர் கடைக்கு வந்தார். கூடவே அவரும் வந்தார், கையில் வெள்ளைக் கட்டோடு. மேனேஜர் கோபமாகப் பேசவில்லை. ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். “கேபிளுக்குப் பொருந்தாத பிரேக்கர் போயிருக்கு. யார் சொல்லிப் போச்சுன்னு நான் எழுதணும். இவர் ஒண்ணும் தெரியாம வந்து கேட்டு, நீங்க சொல்லி வாங்கியிருந்தா, அது வேற. இவரே முடிவு பண்ணி வாங்கியிருந்தா அது வேற.”

பாய் என்னைப் பார்த்தார். “நான் தொழுகைக்குப் போயிருந்தேன் சார். கவுண்டர்ல இந்தப் பொண்ணுதான் இருந்துச்சு.”

நூறு போட்டுக்கோ என்று முதலில் சொன்னது பாய். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைவிட அதிகம் தெரிந்தவள் நான்.

“சொல்லும்மா. இவர் கேட்டாரா, நீ சொன்னியா?”

அவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நிக்குமா என்று என்னைக் கேட்டார், நிற்கும் என்று நான் சொன்னேன். பேனலை அந்தத் தூணில் மாட்டியது மில்தான், லோடை ஏற்றியதும் மில்தான். இவ்வளவும் என் நாக்கில் இருந்தது. அந்த நோட்டில் இதில் பாதி ஏறியிருந்தாலும் அவருக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

“அவர்தாங்க கேட்டாரு” என்றேன்.

மேனேஜர் எழுதினார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரீஷியன் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், ஒரு வார்த்தை போதும். அவர் சொன்னது இதுதான்: “ஆமா சார், நாந்தான் கேட்டேன். அந்தம்மா எடுத்துக் குடுத்துச்சு, அவ்ளோதான். அதுக்கு இன்னா தெரியும், பாவம்.”

அதுக்கு இன்னா தெரியும் என்று அவர் சொன்னது என்னைக் காப்பாற்றவா, அல்லது நிஜமாகவே அப்படி நினைத்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஷிப்டுக்குப் போனவரிடம் கேட்டில் வாட்ச்மேன் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் கடையை எப்போதும்போல ஜும்மா தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்குச் சாத்தி, இரண்டு மணிக்குத் திறந்தோம்.